ஊதச் சொன்னேன், மாமா

என் ஆசை மாமாவுக்கு,

மாது எழுதுகிறேன். நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ஆனால் காகிதத்தில் ஒரு வரி எழுதியதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்றிப் பேச முடியாது என்று எனக்கு எப்போதும் ஒரு பயம், உங்களுக்குத் தெரியும்.

இப்போது கம்பெனியில் பாதுகாப்பு வார மலர் போடுகிறார்கள். "கேன்டீன் அக்கா, நீங்களும் ஏதாச்சும் எழுதுங்க" என்று கேட்டார்கள். எழுதுகிறேன், ஆனால் எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் எழுதுவேன், நீங்கள் வேண்டுமானால் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சேதி இதுதான். ஆள் கிடைத்துவிட்டது, மாமா. உங்களைக் குடிகாரன் என்று முடிவு கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தைப் பாழாக்கி, உங்கள் உயிரைக் கொண்டுபோனது யார் என்று இத்தனை வருஷம் தேடினேன் அல்லவா? கிடைத்துவிட்டது. அவசரப்படாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் என் புத்தியைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிடுகிறேன். காய்க்காரி கறிவேப்பிலையைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலே, "எதுக்கு இவளுக்கு இவ்வளவு தாராளம்?" என்று யோசிக்கிறவள் நான். காவேரிப்பட்டினத்தில் எங்கள் அம்மா வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்றுதான் பேர். அத்தை மகளைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அந்த சி.ஐ.டி.யோடு குடித்தனம் செய்தீர்கள்.

அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. ஓசூர்க்காரனுக்கு ஏது மதுவிலக்கு? பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அத்திப்பள்ளி, அது கர்நாடகம், அங்கே கடை திறந்திருக்கும். ஷிப்ட் முடிந்ததும் கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்புவார்கள். அதனால் கம்பெனி கேட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நடை தடுமாறுகிற ஆளை வாட்ச்மேன் ரங்கப்பா நிறுத்துவார். மூக்கை அவன் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், "ஊது" என்பார். வாசனை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

நீங்கள் அதை வீட்டில் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்கள். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளிலிருந்து நானும் உங்களை வாசற்படியிலேயே நிறுத்த ஆரம்பித்தேன். "ஊதுங்க."

"ஏன்டி, அங்க ஒரு ரங்கப்பா, இங்க ஒரு ரங்கம்மாவா?" என்பீர்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு, விளக்கை அணைக்கிற மாதிரி என் முகத்தில் ஃபூ என்று ஊதுவீர்கள். என் நெற்றி முடி பறக்கும். மெஷினுக்கு ஊற்றுகிற எண்ணெய் வாசனையும் வெற்றிலை வாசனையும் வரும், வேறொன்றும் ஒருநாளும் வந்ததில்லை. "பாஸா?" என்று கேட்பீர்கள். "இன்னைக்கு பாஸ்" என்பேன். ஒருநாள்கூட "எப்பவும் பாஸ்" என்று என் வாயில் வந்ததில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். மலைக்கோயில் தேருக்கு மறுநாள் அது. தேருக்கு நீங்களும் முனிராஜும் போயிருந்தீர்கள். முனிராஜ் உங்கள் பக்கத்து மெஷின்காரர், பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், என்னை "வதினா" என்று கூப்பிடுவார்; அவர்கள் பேச்சில் அண்ணி. எனக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அவர் அத்திப்பள்ளிக்குப் போகிறவர் என்பது ஊரறிந்த விஷயம். கூடவே சுற்றுகிறவர் மட்டும் போகாமல் இருப்பாரா? தேர் பார்த்துவிட்டு வந்த உங்களை ஊதச் சொன்னேன். ஊதினீர்கள், பாஸ்தான். ஆனாலும் ஏலக்காய் மென்றுவிட்டு வந்திருப்பீர்களோ என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

காலையில் எழுந்து தலைவலி என்றீர்கள். "தேர் பாத்த தலைவலியா, வேற தலைவலியா?" என்று கேட்டேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போய்விட்டீர்கள்.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். நம் மகள் பாப்பா லீவுக்குக் காவேரிப்பட்டினம் போயிருந்தாள், நான் மட்டும் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. முனிராஜ் உங்களைத் தோளில் சாய்த்து இறக்கினார். உங்கள் வலது கால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. எதிர்வீட்டில் மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

"இன்னா முனிராஜு இது?"

"வதினா, உள்ள வாங்க, சொல்றேன். பெருமாள் கையில இருந்த ஸ்பேனரைக் கீழ விட்டுட்டாரு. பேச்சு கொழறுது. கேட்டுல ஊதச் சொன்னாங்க, இவரு ஊதல. போதைன்னு எழுதி ஒரு மணி நேரம் பெஞ்சுல ஒக்கார வெச்சிட்டு அனுப்பிட்டாங்க. ஆனா வதினா..."

அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. "போய்யா. கூட்டிட்டுப் போயி ஊத்திக் குடுத்தவனே கொண்டாந்து விட்டா எல்லாம் சரியாப் போச்சா?" என்று கத்திவிட்டு, அவர் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினேன்.

நீங்கள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்தீர்கள். "ஊதுங்க" என்றேன்.

நீங்கள் ஊதப் பார்த்தீர்கள், மாமா. என் சாமி, நீங்கள் ஊதத்தான் பார்த்தீர்கள். வலது பக்கம் உதடு மூடவே இல்லை. காற்று அந்த ஓரமாகப் புஸ்ஸென்று போய்விட்டது, கூடவே எச்சில் வழிந்தது. நான் கேட்காமலே மறுபடி ஒரு தரம் முயன்றீர்கள். மறுபடியும் அதேதான். என் நெற்றி முடி அசையவே இல்லை.

கிட்டே வந்து மோந்து பார்த்தேன். சாராய வாசனை இல்லை. இந்த இடத்தை எத்தனை ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? இல்லை, மாமா, இல்லவே இல்லை. மெஷின் எண்ணெய் மட்டும்தான். அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் பிடித்த மூக்குக்கு வாசனை இல்லாததும் ஒரு தடயம்தான். வேண்டுமென்றே ஊதாமல் ஏமாற்றுகிறார், வாசனையே வராத சரக்கு ஏதோ பெங்களூரிலிருந்து வந்திருக்கிறது, தேரன்று தப்பித்ததும் அப்படித்தான் என்று நானே கதை கட்டிக்கொண்டேன்.

போதை இறங்க என்ன செய்வார்கள்? எலுமிச்சம்பழம்தான். இரண்டு பழம் பிழிந்து, உப்புப் போட்டு, மோரில் கலந்து ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்தேன். நீங்கள் வேண்டாமென்று தலையை ஆட்டினீர்கள். இடது கையால் சொம்பைத் தள்ளினீர்கள். நான் உங்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே போனது. இருமினீர்கள், அப்படி ஓர் இருமலை நான் கேட்டதில்லை. "இருமட்டும், அப்பத்தான் புத்தி வரும்" என்றேன். தலையில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினேன். துவட்டிப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அந்தக் கோலத்தில் உங்களை யாரும் பார்த்துவிடக் கூடாதாம், மானம் போய்விடுமாம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவைத் திறந்தேன். மூச்சு கொர்ரென்று சத்தமாக வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன், நீங்கள் விழிக்கவில்லை. உங்கள் வலது கையைத் தூக்கி விட்டேன், அது ஈரத்துணி மாதிரி விழுந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஆறு மணி நேரம் கழித்து.

கூப்பிட்டால் வருகிற ஆம்புலன்ஸ் என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தக்காளி வேன் ஒன்றைப் பிடித்துவந்தார். விஷயம் எப்படித் தெரிந்ததோ, முனிராஜும் வந்து ஏறிக்கொண்டார். ஓசூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "பக்கவாதம்மா இது, பெங்களூர் கொண்டு போங்க" என்றார்கள். பக்கவாதம்! அப்படியானால் இது குடியில்லையா? காலிக் கூடைகளை ஒதுக்கி, உங்களை மல்லாக்கப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். செக்போஸ்டில் நிறுத்தி, "என்ன சரக்கு?" என்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆள் இருக்கிறார் என்று சொன்னாலும் நம்பவில்லை. அன்றைக்கு உங்களை நம்பாதவர்களின் வரிசையில் அவர்களும் சேர்ந்தார்கள்.

பெங்களூரில் எட்டு நாள் இருந்தீர்கள். இரண்டாம் நாள் கண் திறந்து என்னைப் பார்த்தீர்கள், பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் பிடித்தது, மூச்சு கரகரவென்று இழுத்தது. டாக்டர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் என்னவோ கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த கன்னடம் சந்தையில் தக்காளி வாங்கத்தான் போதும். முனிராஜ் முந்திக்கொண்டு பதில் சொன்னார். டாக்டர் அவரைக் கோபமாக என்னவோ கேட்டார், முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி என்னவோ சொன்னார்.

"இன்னா கேக்கறாரு?"

"ஒண்ணுமில்ல வதினா. நெஞ்சுல கபம் கட்டிக்கிச்சாம். அதான் காய்ச்சலாம்."

அவ்வளவு நேரம் பேசிய பேச்சுக்கு இத்தனூண்டு தமிழா? இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. அது மட்டும் நான் சந்தேகப்பட்டதில் சரியான சந்தேகம்.

எட்டாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? ஊதவில்லை என்று எழுதிய ரங்கப்பாவைச் சந்தேகப்பட்டேன். ஜட்காக்காரன் சுற்றுவழியில் வந்தானோ என்று சந்தேகப்பட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ் மாற்றி ஊசி போட்டாளோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். எல்லோருக்கும் மேலே முனிராஜ். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தான்? டாக்டர் சொன்னதை ஏன் மறைத்தான்? ஒருவேளை இவன்தான் எதையாவது குடிக்கக் கொடுத்தானோ?

வாரிசு வேலை என்று எனக்குக் கேன்டீனில் போட்டுக் கொடுத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் போகிறாள் என்று ஊர் நினைத்தது. அதுவும்தான், ஆனால் நான் முதலில் உளவு பார்க்கத்தான் போனேன். ரங்கப்பாவுக்கு டீ ஊற்றும்போதெல்லாம், இந்தக் கைதானே எழுதியது என்று அவர் கையையே பார்ப்பேன். முனிராஜ் தட்டை நீட்டினால் குண்டானைக் கலக்காமல் மேலாக இருக்கிற தண்ணீரை மொண்டு ஊற்றுவேன், ஒரு துண்டு முருங்கைக்காய் விழாது. பதினோரு வருஷம் அந்த மனிதர் வாயைத் திறக்காமல் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டார், மாமா. "வதினா, பாப்பா எப்படிப் படிக்குது?" என்று மட்டும் கேட்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும், அதனால்தான் விசாரிக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பெனியில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். கேன்டீன் ஆட்களும் வர வேண்டும் என்றார்கள். சமையல்காரிக்கு எதுக்கு வகுப்பு, ஆளைக் குறைக்கப் போகிறார்களோ என்று சந்தேகத்தோடுதான் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சின்ன வயசு லேடி டாக்டர், நம் பக்கத்துப் பேச்சு.

"பக்கவாதம்னா மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல கோளாறு" என்றார். "திடீர்னு வாய் ஒரு பக்கமா கோணும். ரெண்டு கையும் தூக்கச் சொன்னா ஒண்ணு எறங்கிடும். பேச்சு கொழறும். பாக்கறவங்க குடிச்சிருக்கான்னு நெனச்சுக்குவாங்க. உங்க கேட்டுல ஊதச் சொல்றீங்களாமே? சரியா ஊத முடியாம ஒரு ஓரமா காத்து போச்சுன்னா, அவன் ஏமாத்தறான்னு நெனைக்காதீங்க. அவனால முடியலன்னு அர்த்தம்."

என் கை தானாக நெற்றி முடியைத் தொட்டது.

"இன்னொண்ணு. வாய்க்கு எதுவுமே குடுக்காதீங்க. தண்ணி, காபி, மோர், எதுவும் கூடாது. தொண்டை சரியா வேலை செய்யாது, குடுத்தது நுரையீரலுக்குள்ள போயிடும். பக்கவாதத்துல பொழைச்சவங்ககூட ரெண்டு மூணு நாள்ல அந்தக் காய்ச்சல் வந்து போயிருக்காங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எப்ப ஆரம்பிச்சதுன்னு மணி பாத்து வைங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க."

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவரிடம் போனேன். "எலுமிச்சம்பழமும் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"அதுவும்தாம்மா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

வீட்டுக்கு வந்து அந்தச் சொம்பைத் தேடினேன். தேடவே வேண்டியதில்லை, குடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அத்தனை வருஷமும் அதில்தான் நான் தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறேன். அப்போதுகூட என் புத்தி போகவில்லை, மாமா. சின்னப் பெண், இவளுக்கு என்ன தெரியும் என்று அந்த டாக்டரைச் சந்தேகப்பட்டேன். என்னை விட்டுவிட்டு ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டுத்தானே எனக்குப் பழக்கம்.

போன மாதம் அது நடந்தது. இரண்டு மணி ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் கேட் ஆபீசுக்கு டீ கொண்டுபோயிருந்தேன். தனபால் என்று ஒருவன், ராஜபாளையத்துப் பக்கத்திலிருந்து வந்தவன், பெரிய குடிகாரன். தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான். பத்தடி தள்ளி நிற்கிற எனக்கே பாக்கெட் சாராய வாசனை வந்தது.

"ஏ தனபாலு, ஊதுடா" என்றார் ரங்கப்பா. இன்னும் அவர்தான் கேட்டில், வயசாகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனபால் ஊதினான். காற்று இடது ஓரமாகப் புஸ்ஸென்று போனது, எச்சில் வழிந்தது. எல்லோரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

என் மூக்கு குடி என்றது. என் கண் இல்லை என்றது. இந்தத் தடவை நான் மூக்கை நம்பவில்லை.

"ரங்கப்பா, ஊதச் சொன்னது போதும். ரெண்டு கையும் தூக்கச் சொல்லு அவன."

"உனுக்கு இங்க இன்னாம்மா வேலை? நாத்தம் அடிக்குது, தெரியல?"

"அடிக்கட்டும். குடிகாரனுக்கு நோவு வராதுன்னு எவன் சொன்னான்?"

நானே போய்த் தனபாலின் இரண்டு கையையும் தூக்கி விட்டேன். வலது கை நின்றது, இடது கை தொப்பென்று விழுந்தது. சிரிப்பு நின்றுபோனது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன். அதற்குள் கேன்டீனிலிருந்து ஜெயா ஓடிவந்தாள், என்னோடு சமைக்கிறவள். நல்ல மனசுக்காரி, கையில் ஒரு தம்ளர். "அக்கா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சி கொண்டாந்தேன், இத ஊத்துனா தெளிஞ்சிரும்" என்றாள்.

தட்டிவிட்டேன். கண்ணாடித் தம்ளர், சிமென்ட் தரையில் சிதறிப்போனது. "அவன் வாயில ஒரு சொட்டு போச்சு, உன் கைய ஒடிச்சிருவேன்" என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, ஜெயா அப்புறம் சொன்னாள். பாவம், நான் யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"எப்ப இருந்து இப்படி?" என்று அவனோடு வந்தவனைக் கேட்டேன். "பஸ்ல நல்லாத்தாம்மா பேசிட்டு வந்தான். எறங்குறப்பதான் தடுமாறுனான்" என்றான். ரங்கப்பாவின் பேனாவை வாங்கி மணியை என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கம்பெனியில் இப்போது ஸ்ட்ரெச்சர் வைத்த வேன் இருக்கிறது. டிரைவர் தயங்கினான், குடித்தவனை ஏற்றினால் மேனேஜர் கேட்பாராம். "உன் மேனேஜருக்கு நான் பதில் சொல்லிக்கறேன், வண்டிய எடுடா" என்று நானும் ஏறிக்கொண்டேன். செக்போஸ்டில் சைரன் சத்தத்துக்கு வழி விட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அங்கே டாக்டர் கன்னடத்தில் இரண்டு கேள்வி கேட்டார். பதினோரு வருஷம் ஓசூர்க் கேன்டீனில் கரண்டி பிடித்தவளுக்குக் கன்னடம் வராமல் இருக்குமா? எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பது முதல் கேள்வி. உள்ளங்கையைக் காட்டினேன். இரண்டாவது, வாய்க்கு ஏதாவது ஊற்றினீர்களா என்பது.

அதே கேள்வி, மாமா. அன்றைக்கு அர்த்தம் தெரியாமல் காதில் விழுந்த அதே சொற்கள். அதே மாதிரிதான் அன்றைக்கு அந்த டாக்டரும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தனபாலின் பெண்டாட்டி என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முனிராஜ் தட்டை நீட்டினார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"முனிராஜு, அன்னைக்கு டாக்டரு என்னைப் பாத்து இன்னா கேட்டாரு?"

"பழசெல்லாம் எதுக்கு வதினா?"

"வாய்க்கு ஏதாச்சும் ஊத்துனீங்களான்னு கேட்டாரு. ஆமாவா இல்லியா?"

அவர் தட்டை இறக்கிக்கொண்டு, ஆமாமென்று தலையை ஆட்டினார். பின்னால் வரிசை நின்றது.

"நீ இன்னா சொன்ன?"

"நான்தான் குடுத்தேன்னு சொன்னேன். கேட்டுல தண்ணி குடுத்துட்டேன்னு. திட்டுனாரு. திட்டிட்டுப் போறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெருமாள் சட்டையில எலுமிச்ச வாசன வேன்லயே எனக்கு வந்துச்சு வதினா. பாப்பா சின்னது. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க உயிரோட இருக்க மாட்டீங்க."

நான் எதற்காகப் பதினோரு வருஷம் இந்த மனிதரைச் சந்தேகப்பட்டேனோ, அதை அவர் எனக்காகத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அங்கேயே மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. ஆனாலும் சி.ஐ.டி. அல்லவா, மிச்சக் கேள்வியையும் கேட்டேன். "அப்ப ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல? ஏன் ஊட்டுக்குக் கொண்டாந்த?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்னுதான் ஜட்காவே புடிச்சேன். பெருமாள் ஒத்துக்கல. ஊட்டுப் பக்கமே கையக் காட்டுனாரு. மாது, மோந்து, மாது, மோந்துன்னு அதையே திருப்பித் திருப்பிக் கொழறுனாரு. கேட்டுல எவனும் நம்பல, மாது மோந்து பாத்தா நான் குடிக்கலன்னு அவ சொல்லுவான்னு... அதத்தான் வதினா அன்னைக்கு வாசல்ல சொல்ல வந்தேன். நீங்க கதவ சாத்திட்டீங்க."

இப்போது தெரிகிறதா மாமா, கிடைத்த ஆள் யார் என்று?

உலகத்தில் ஒரே ஒரு சாட்சியை நம்பி அவ்வளவு தூரம் ஜட்காவில் வந்தீர்கள். சாட்சி மோந்து பார்த்தாள். உண்மை அவள் மூக்குக்கு எதிரே இருந்தது. அப்புறமும் அவள் சொம்பை எடுத்தாள். இரண்டாம் நாள் கண் திறந்து என்னைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? "பாஸா?" என்று கேட்டீர்களா? அல்லது என்னை மன்னித்தீர்களா? யாரிடம் போய் இதைக் கேட்பேன்?

அந்த லேடி டாக்டரிடம் மறுபடி போய் எல்லாவற்றையும் சொன்னேன். "சீக்கிரம் கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன்மா, அந்தக் காலத்துல வைத்தியமும் கம்மி. ஆனா அந்தக் காய்ச்சல் வராம இருந்திருக்கலாம்" என்றார். பொய் சொல்லி என்னைத் தேற்றவில்லை. அதனால் அவரை நம்புகிறேன்.

மற்ற சேதிகள். பாப்பா கிருஷ்ணகிரியில் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முன்னால் அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள். தனபால் கோல் ஊன்றி நடக்கிறான், ஸ்டோரில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள். குடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்கிறான், எனக்குச் சந்தேகம்தான். ரங்கப்பா இப்போது ஊதச் சொன்ன கையோடு இரண்டு கையையும் தூக்கச் சொல்கிறார். முனிராஜுக்குக் குண்டானின் அடிவரை கலக்கி ஊற்றுகிறேன். "வதினா, ஒரே காயா இருக்குது, சாம்பார் எங்க?" என்று நேற்றுக் கிண்டல் செய்தார். சிரித்தேன், அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் புத்தி மாறாது, மாமா. நான் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். எவன் வாய் கோணினாலும், எவன் நாக்குக் குழறினாலும், அவன் மேல் எந்த நாற்றம் அடித்தாலும், முதலில் நோயைச் சந்தேகப்படுவேன், ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் நிற்கிற இடத்தில் அப்படிப்பட்டவன் வாயில் ஒரு சொட்டு விழாது.

நான் அங்கே வந்து சேரும்போது நீங்கள் என்னை வாசலிலேயே நிறுத்துங்கள். ஊதச் சொல்லுங்கள், ஊதுகிறேன். உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து நீங்கள் என் வாயிலிருந்து எதிர்பார்த்ததை மட்டும், இத்தனை பேர் சாட்சியாக, இங்கிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எப்பவும் பாஸ், மாமா.

உங்கள் அத்தை மகள்,
நம் வீட்டு ரங்கம்மா,
மாது